விமானித் தேர்வுக்கான கணித, இயற்பியல் முன்பயிற்சி

விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுப் பாடங்களில் இறங்குமுன், பள்ளியில் படித்த கணிதத்தையும் இயற்பியலையும் மறுபடி பழகிக்கொள்வதே இம்முன்பயிற்சி. வணிக விமானி உரிமத்துக்கு 12-ஆம் வகுப்பில் இவ்விரு பாடங்களிலும் தேறியிருக்க வேண்டும் என்பது இந்தியாவின் நெடுநாள் விதி. அவற்றைப் படிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதித் தேறலாம். மயிலம், திண்டிவனம் பகுதி மாணவருக்குத் தேவையான அடிப்படை முழுவதும் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே உள்ளது.

வரலாற்றுப் பின்னணி

வான்வழிக் கணக்கின் உயிர்நாடி முக்கோணவியல். கி.பி. 499-இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயம் சைன் மதிப்புகளை 24 படிகளாகத் தந்தது. அதில் வரும் ‘ஜ்யா’ என்ற சொல்லே அரபு, இலத்தீன் வழியாகச் சென்று ‘சைன்’ ஆயிற்று.

தமிழ் மண்ணில் இந்தக் கணக்கு பெரிய அளவில் இறங்கியது 1802-இல். அவ்வாண்டு ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பக் கிடத்தி, ஏறத்தாழ ஏழரை மைல் நீளம் அளந்தனர். அதன்பின் தரையில் சங்கிலி இழுக்கும் வேலை குறைந்தது. குன்றுக்குக் குன்று கோணம் பார்த்தே தொலைவுகளைக் கணக்கிட்டனர். அந்த முக்கோண வலை இன்றைய திண்டிவனம் வட்டாரத்தைக் கடந்து கடலூர்ப் பக்கம் சென்றது. ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் காண உதவும் அதே சைன் விதியை இன்று விமானி, விமானத்தின் வேகம், காற்று, தரைவேகம் ஆகியவற்றை இணைக்கும் காற்று முக்கோணத்தில் கையாளுகிறார். அந்த அடிக்கோடு தொடங்கிய பரங்கிமலையின் அடிவாரத்தில்தான் சென்னை விமான நிலையமும் அமைந்துள்ளது.

கணிதம்

விகிதம், அலகு மாற்றம், கோணம், சைன், கொசைன், வெக்டர் ஆகியவை போதும், நுண்கணிதம் தேவைப்படுவதில்லை. அட்சரேகையின் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால், கிழக்கு மேற்காக ஒரு பாகைக்குரிய தொலைவை 60 × கொசைன் அட்சம் என்று காண வேண்டும். ஏறத்தாழ 12° வடக்கிலுள்ள மயிலத்தில் அது சுமார் 58.7 கடல் மைல்.

சென்னையின் 07 ஓடுபாதை ஏறத்தாழ 070° திசையை நோக்கியது. 100° திசையிலிருந்து 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) காற்று வீசினால் இடைக்கோணம் 30°. சைன் 30° அரை. ஆகவே குறுக்குக் காற்று 10 நாட். 90 கடல் மைல் பறந்தபின் பாதையிலிருந்து 3 கடல் மைல் விலகியிருந்தால் பிழைக்கோணம் சுமார் 2°. இதற்கு ‘அறுபதில் ஒன்று’ விதி என்று பெயர்.

பத்தாம் வகுப்பின் இறக்கக்கோணக் கணக்கும் வீண்போவதில்லை. விமானம் பொதுவாக 3° சரிவில் தரையை நெருங்குகிறது. தரைதொடும் இடத்துக்கு ஒரு கடல் மைல் முன்னால் அதன் உயரம் சுமார் 318 அடி.

இயற்பியல்

பதினோராம் வகுப்பின் விசை, பாய்மம், வெப்பம் பற்றிய பாடங்களே அடித்தளம். இறக்கையின் ஏற்றவிசை பெர்னூலி தத்துவத்தால் விளங்கும். மற்றவை மாறாமல் வேகம் இரட்டித்தால் அவ்விசை நான்கு மடங்காகும். உயரம் மாறாமல் 60° சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கைகள் எடையைப் போல் இரு மடங்கு தாங்க வேண்டும். நியமக் காற்றுமண்டலத்தில் கடல்மட்ட வெப்பநிலை 15° செல்சியஸ், அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல், ஆயிரம் அடிக்குச் சுமார் 2° வீதம் வெப்பநிலை குறையும்.

பயிலும் முறை

சூத்திரத்தை ஒப்பிப்பதால் பயன் குறைவு. சைன் 30°, 45°, 60° மதிப்புகள் கேட்டவுடன் நாவில் வர வேண்டும்; காற்று முக்கோணத்தைத் தாளில் அளவுகோலும் பாகைமானியும் கொண்டு வரைந்து பார்த்த பிறகே விமானிகள் பயன்படுத்தும் வட்டக் கணிப்பானைத் தொட வேண்டும். தமிழ்வழி மாணவர்கள் கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தையும் உடன் எழுதிப் பழகினால் தேர்வறையில் தடுமாற்றம் இராது. கணக்கு வராதோ என்று அஞ்சி விமானி ஆசையைக் கைவிடத் தேவையில்லை. அதில் பாதி அவர்கள் ஏற்கெனவே போட்டுப் பார்த்த கணக்கே.

இன்றைய நிலை

தேர்வுகளை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நடத்துகிறது. தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும்.