பெர்கன் நகரமும் தமிழரும்

பெர்கன், நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள துறைமுக நகரம். ஆஸ்லோவுக்கு அடுத்தபடி அந்நாட்டின் இரண்டாவது பெரிய ஊர். மக்கள்தொகை மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஓலாவ் கீரே என்ற அரசர் 1070-ல் நிறுவியதாக மரபு சொல்கிறது. 13-ம் நூற்றாண்டில் தலைநகராக இருந்தது. 1830-கள் வரை நாட்டின் மிகப் பெரிய ஊரும் இதுதான். ஏழு மலைகள் சூழ்ந்த நகரம் என்பார்கள். அந்த ஏழு எவை என்று கேட்டால் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். அவற்றில் உயரமானது உல்ரிக்கன், 643 மீட்டர்.

மலை, காடு, கடல் மூன்றையும் காலையில் கிளம்பி மாலைக்குள் பார்த்துவிடலாம் என்பதால் இன்று சுற்றுலா நிறுவனங்கள் இந்த ஊரை விற்கின்றன. ஆனால் இயற்கையழகைப் பார்ப்பதற்காகத் தமிழர் பெர்கனுக்குப் போவது மிகச் சமீபத்திய பழக்கம். அதற்கு முன் போனவர்களை அங்கே கொண்டு சேர்த்தவை சமயமும் மீனும் போரும்தான். இவற்றில் மீனின் பங்கே பெரிது. அந்த நகரம் எழுந்ததும் மீனால்தான்.

மழை

மதுரை கே.கே. நகரில் வீடு வைத்திருப்பவருக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வண்டியூர்க் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று எட்டிப் பார்க்கும் மாதங்கள் அவை. மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் பெய்கிறது. பெர்கனில் 2,200 மில்லிமீட்டருக்கும் மேல். இரண்டு ஊருக்கும் மழைக் கணக்கை எழுதுவது மலைதான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிடுவதால் மதுரைச் சமவெளி மழைமறைவில் கிடக்கிறது. பெர்கனோ காற்று வந்து மோதுகிற பக்கத்தில் இருக்கிறது. அட்லாண்டிக்கின் ஈரக்காற்று இந்த ஏழு மலைகளில் ஏறும்போதே குளிர்ந்து மழையாக விழுந்துவிடும். 2006 அக்டோபர் 29 முதல் 2007 ஜனவரி 21 வரை, 85 நாளும் ஒருநாள் தப்பாமல் மழை பதிவானது.

அதே அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால், 60 பாகை வடக்கில் இருந்தும் இந்தத் துறைமுகம் உறைவதில்லை. நள்ளிரவுச் சூரியனை எதிர்பார்த்து பெர்கனுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. அது இங்கே தெரியாது. ஜூனில் பகல் 19 மணி நேரம் நீளும், டிசம்பரில் ஆறு மணி நேரமாகச் சுருங்கும். அவ்வளவே. நள்ளிரவில் சூரியனைப் பார்க்கவேண்டுமானால் ஆர்க்டிக் வட்டம் தாண்டி டிரம்சோ, ஹம்மர்ஃபெஸ்ட் என்று போகவேண்டும்.

கருவாட்டுச் சந்தை

பெர்கனின் செல்வம் கருவாட்டில் பிறந்தது. வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் குளிர்காலத்தில் பிடிபடும் காட் மீனைத் தலை நீக்கி, குடல் எடுத்து, இரண்டிரண்டாக வால்களைச் சேர்த்துக் கட்டி, மரச் சட்டங்களில் தொங்கவிடுவார்கள். உப்பே போடுவதில்லை. நம் கடற்கரையில் உப்பும் வெயிலும் செய்கிற வேலையை அங்கே குளிர்காற்று செய்கிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை தொங்கினால் ஈரம் முழுவதும் போய்ப் பழைய எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கட்டைபோல் விறைத்த அந்த மீன் ஆண்டுக்கணக்கில் கெடாது. விரத நாட்களில் இறைச்சி தொடாத ஐரோப்பியக் கிறிஸ்தவர்களுக்கு அது பெரிய வரம்.

வடக்கத்தி மீனவர்கள் இந்தச் சரக்கைப் படகேற்றி பெர்கனுக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். சந்தையைக் கையில் வைத்திருந்தவர்கள் ஹான்சா கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள். 14-ம் நூற்றாண்டின் நடுவில் துறைமுகத்தின் பிரிக்கன் பகுதியில் அலுவலகம் அமைத்து, 1754 வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தார்கள். அவர்களுடைய பிடி கடனில் இருந்தது. அடுத்த ஆண்டு மீனுக்கு இந்த ஆண்டே தானியம் கொடுத்துவிடுவார்கள். கடன்பட்ட மீனவன் வேறு வியாபாரிக்கு விற்க முடியாது. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே பிடிபாட்டைப் போட்டாகவேண்டிய ராமேசுவரம் மீனவருக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்கவேண்டியதில்லை.

பிரிக்கனின் மரவீடுகளில் தீ மூட்டத் தடை இருந்தது. நார்வேக் குளிரில் வேலையாட்கள் கணப்பில்லாமல் உறங்கினார்கள்; சமைக்கவும் குளிர்காயவும் பின்புறத்தில் தனிக் கூடங்கள் இருந்தன. அப்படியும் ஊர் பலமுறை எரிந்தது. 1702 தீயில் பிரிக்கன் முழுவதும் சாம்பலாகி, பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டப்பட்டது. 1955-ல் இன்னொரு தீ ஒரு பகுதியை விழுங்கியது. எஞ்சியதை 1979-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிவப்பும் மஞ்சளுமாக அஞ்சலட்டையில் வரும் முக்கோணக் கூரை வீடுகள் இவைதான்.

தரங்கம்பாடியிலிருந்து மலையப்பன்

தமிழகத்துக்கும் நார்வேக்கும் உறவு தரங்கம்பாடி வழியாக வந்தது. அங்கே கடலோரத்தில் அலை தின்றதுபோக நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அந்த வகையில் ஊருக்கு மதுரைத் தொடர்பு முன்பே உண்டு. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் தூதர் ஓவே யெட்டேயுடன் உடன்படிக்கை செய்து அவ்வூரை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். அரசர் நான்காம் கிறிஸ்டியானுக்கு நாயக்கர் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அப்போது நார்வேயும் டென்மார்க் அரசரின் கீழ்தான். ஆகவே 1620 முதல் 1814 வரை, ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள், தரங்கம்பாடியும் பெர்கனும் ஒரே முடியின் கீழ் இருந்தன.

1706-ல் தரங்கம்பாடி வந்த ஜெர்மானிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு, டேனிஷ் கம்பெனி அதிகாரிகளோடு ஓயாமல் மோதினார். டான்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் சிறையும் இருந்தார். வழக்கை அரசரிடமே நேரில் சொல்வதென்று 1714 அக்டோபரில் கப்பலேறியபோது, மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துப் போனார். ஐரோப்பியருக்கான தமிழ் இலக்கண நூலொன்றை லத்தீனில் எழுதிக்கொண்டிருந்த அவருக்குக் கப்பலிலும் தமிழ் பேச ஆள் வேண்டியிருந்தது. 1715 கோடைத் தொடக்கத்தில் கப்பல் பெர்கனில் கரை சேர்ந்தது. நார்டிக் துறைமுகம் ஒன்றில் இறங்கியதாகப் பெயரோடு அறியப்படும் முதல் தமிழர்களில் மலையப்பன் ஒருவர். சிற்றரசர்களோ பெருவணிகர்களோ அல்ல, இலக்கண வேலைக்குத் துணையாகப் போன ஓர் இளைஞர் இந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்கிறார்.

அவர் இறங்கியபோது பிரிக்கன் தீக்குப்பின் எழுந்து அதிக காலம் ஆகவில்லை. இன்றைய பயணி படமெடுக்கும் மரவீடுகளையே புதுக்கருக்கோடு அவர் பார்த்திருப்பார். ஸ்வீடனோடு போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரசர் நான்காம் பிரெடெரிக், பால்டிக் கரையில் ஸ்ட்ரால்சுண்ட் கோட்டை முற்றுகையில் இருந்தார். சீகன்பால்கு அந்தப் பாசறைக்கே போய் அவரைச் சந்தித்தார். இலக்கண நூல் 1716-ல் ஜெர்மனியின் ஹல்லே நகரில் தமிழ் எழுத்துகளோடு அச்சானது. அதே ஆண்டில் இருவரும் ஊர் திரும்பினார்கள்.

இந்தப் போக்குவரத்தின் மறுபக்கத்தில் பீட்டர் அங்கர் வருகிறார். நார்வேயில் பிறந்த இவர் 1788 முதல் 1806 வரை தரங்கம்பாடி ஆளுநர், நன்றாக வரைவார். அவர் தீட்டிய தென்னிந்தியக் காட்சிகள் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றதோடு இந்த அத்தியாயம் முடிகிறது. அதன்பின் நூறாண்டுக்கு மேல் பெர்கன் பக்கம் தமிழர் போனதாகச் சொல்லும்படி ஏதுமில்லை.

மீன் திரும்பவும் வருகிறது

1952 அக்டோபர் 17-ல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் விசைப்படகு, பனிக்கட்டி ஆலை, இழுவை மடி என்று மீன்பிடித் தொழிலின் முகத்தையே மாற்றியது. 1960-களில் அது மற்ற துறைமுகங்களுக்கும் விரிந்தது. அவற்றில் ஒன்று மதுரைக்குக் கிழக்கே கடலைத் தொடும் மண்டபம்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதை. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956-ல் நார்வே போய் மீன்பிடித் தொழில் கற்றார். நோர்வேயில் (ஈழத்தமிழர் அப்படித்தான் சொல்வார்கள்) குடியேறிய முதல் தமிழர் என்று அங்குள்ள தமிழர் அவரைக் குறிப்பிடுகிறார்கள். நார்வே மக்களின் நன்கொடையைத் திரட்டி 1967-ல் காரைநகரில் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். படகு கட்டுவதும் வலை பின்னுவதும் அதன் வேலைகள்.

ஆக, ஒரே நீரிணையின் இரு கரைகளுக்கும் நார்வேயின் தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்திருக்கிறது. மண்டபம், ராமேசுவரம் பக்கம் விசைப்படகும் இழுவை மடியும் பெருகின. வடக்கு இலங்கையில் போர் மீன்பிடியையே முடக்கிப் போட்டது. போர் ஓய்ந்து அங்குள்ள மீனவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, இழுவை மடியே இரு கரைத் தமிழ் மீனவருக்கும் இடையே பெரிய பிணக்காயிற்று. 2017-ல் இலங்கை அதைச் சட்டத்தால் தடை செய்தது. உதவி கொடுத்தவர்கள் கெட்ட நோக்கத்தோடு கொடுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆழமும் குளிரும் கொண்ட கடலில் பழகிய தொழில்முறையை, ஆழமில்லாத பாக் நீரிணைக்குக் கொண்டுவரும்போது போதிய யோசனை இருந்ததா என்பது வேறு கேள்வி.

ராஜேந்திரம் போட்ட வழியில் யாழ்ப்பாண இளைஞர்கள் நார்வேயின் உறைவிட மக்கள் கல்லூரிகளுக்கு மாணவர்களாகப் போனார்கள். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் அது அகதிகளின் வழியாயிற்று. பலருக்கு வேலை கிடைத்த இடம் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் மாவட்டம். வார்டோ, பாட்ஸ்ஃபியோர்டு போன்ற சிற்றூர்களின் மீன் ஆலைகளுக்கு ஆள் தட்டுப்பாடு. உள்ளூர் இளைஞர்கள் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் சூரியன் எழாத ஊரில், ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக நின்று காட் மீனை அறுத்து முள்ளெடுத்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. அதைச் செய்தவர்களில் கடல்தொழில் அறியாத குடும்பத்தினரும் ஏராளம். ஊரில் மீன் ஆய்ந்திராத கைகள் அங்கே பழகிக்கொண்டன.

பிள்ளைகளின் படிப்பு, தமிழ் வகுப்பு, கோயில், உறவு என்று தேடி அவர்களும் பின்னர் தெற்கே நகர்ந்தார்கள். பெரும்பாலோர் ஆஸ்லோ போனார்கள், ஒரு பகுதியினர் பெர்கனில் தங்கினார்கள். பெர்கனிலிருந்து வடகோடிக் கிர்க்கெனெஸ் வரை ஓடும் ஹூர்டிக்ரூட்டன் கப்பல் இந்த மீன் ஆலை ஊர்களையெல்லாம் தொட்டுத்தான் போகிறது. முன்பு கருவாடு தெற்கே இறங்கிய அதே கரை அது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, குழந்தையாக ஹம்மர்ஃபெஸ்ட் வந்து, ஆஸ்லோவுக்குப் பெயர்ந்த கம்சாயினி குணரத்தினம் 2015-ல் ஆஸ்லோவின் துணை மேயரானார். 2021-ல் நார்வே நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.

பெர்கனில் தமிழரைப் பற்றி யோசிக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. இலங்கைப் போரின் 2002 போர்நிறுத்தத்தில் நடுவராக நின்ற நார்வே எங்கே சறுக்கியது என்று ஆராய்ந்த 2011-ம் ஆண்டு மதிப்பீட்டறிக்கையை, பெர்கனின் கிறிஸ்டியன் மிக்கெல்சன் நிறுவனமும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதினார்கள். தன் முயற்சி தோற்றதைத் தன் பணத்திலேயே எழுதவைத்து வெளியிட்டது நார்வே அரசு. பெர்கனைத் தலைமையிடமாகக் கொண்ட கடலாய்வு நிறுவனம் இயக்கும் ஆய்வுக் கப்பல் இலங்கைக் கடலின் மீன்வளத்தை 1978 முதல் 1980 வரையிலும், பிறகு 2018-லும் அளந்தது.

இன்றைய பயணி

மதுரையிலிருந்து நேரடி விமானம் இல்லை. வழியில் விமானம் மாறித்தான் பெர்கனின் ஃபிளஸ்லான் விமான நிலையத்தில் இறங்கவேண்டும். ஷெங்கன் விசா போதும். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் டிராம் ஓடுகிறது. ஃபிளோயன் மலைக்கு 1918 முதல் இழுவை ரயில் இருக்கிறது. பழனி விஞ்ச்சில் ஏறியவருக்கு அதன் வேலைமுறை புதிதல்ல: ஒரு பெட்டி ஏறும்போது மற்றது இறங்கும். உச்சியில் நின்றால் துறைமுகம், தீவுகள், மேகம் அனுமதித்தால் கடல் எல்லாம் தெரியும். குடையைவிட மழைக்கோட்டு நல்லது; அந்தக் காற்றுக்குக் குடை நிற்காது. வடக்கே சில மணி நேரத் தொலைவில் இருக்கும் சோக்னெ ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டுக்குள் நுழைகிறது. பனியாறுகள் குடைந்த அதன் அடித்தளம் 1,300 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

சுற்றுலாப் பயணிகளைவிட நீண்ட நாள் தங்கியவர்கள் மாணவர்கள். 1946-ல் தொடங்கிய பெர்கன் பல்கலைக்கழகம் கடலியலுக்கும் காலநிலை ஆய்வுக்கும் பேர்பெற்றது. நார்வே அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது என்பது இந்திய மாணவர்களைப் பெரிதும் இழுத்தது. 2023 இலையுதிர் பருவம் முதல் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குக் கட்டணம் வந்துவிட்டது. அதுவரை வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் வங்கியில் பணம் காட்டினால் போதும் என்றிருந்த குடும்பங்கள், இப்போது படிப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடுகின்றன.