பாலைவனத்தில் ஒரு பொன் நகரம்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், அது வரலாற்றுக் கட்டுரையாக இருக்கட்டும் என்று சங்க நண்பர்கள் அன்புக் கட்டளை இட்டார்கள். நானோ சிவில் என்ஜினியர். வரலாற்றைப் பாடமாகப் படித்தவன் அல்லன். ஆனால் காற்றாலைக் கோபுரங்களுக்கு அடித்தளம் போடும் வேலைக்காக ராஜஸ்தான் மாநிலம் ஜெய்சால்மரில் ஏழு மாதம் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் சுற்றியதில் கண்டதையும் கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் இங்கே சொல்கிறேன்.

"அங்கே என்னப்பா இருக்கு, வெறும் மணல்தானே?" என்று நம்ம ஊரில் கேட்காதவர் இல்லை. வருஷத்தில் பாதி நாள் மணலாகவே கிடக்கும் செய்யாற்றைப் பார்த்து வளர்ந்த நாம் அப்படிக் கேட்கலாமா? மணலுக்கு நடுவே ஒரு நகரம் 850 ஆண்டுகளுக்கு மேல் எப்படி நின்றது என்பதுதான் அங்கே பார்க்க வேண்டிய முதல் அதிசயம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊர் பிறந்த கதை

ஜெய்சால்மர் மாவட்டத்தின் பரப்பு சுமார் 38,400 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் கால் பங்கை விடப் பெரிது! 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 17 பேர்தான் அங்கே வாழ்ந்தார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் அதே அளவு இடத்தில் சுமார் 400 பேர். மழையோ ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர். நமக்குக் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு.

இந்த வறண்ட பூமியில் 1156-ல் நகரம் அமைத்தவர் ராவல் ஜெய்சல். பாட்டி என்னும் ராஜபுத்திர குலத்தவர். (நம்ம பாட்டிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை!) அதற்கு முன் தலைநகரம் லோதுர்வா. அது சமவெளியில், பாதுகாப்பின்றி இருந்தது. அருகிலிருந்த திரிகூட மலையில் தவம் செய்த ஒரு முனிவர், "இங்கே கோட்டை கட்டு" என்று காட்டிக் கொடுத்ததாகக் கதை. கண்ணன் தன் சக்கரத்தால் பாறையைப் பிளந்து அங்கே நீர் வரவழைத்தார் என்றும் சொல்கிறார்கள். நம் குற்றால மலைக்கும் திரிகூடம் என்றே பெயர். அங்கே அருவி கொட்டுகிறது, இங்கே ஒரு கிணற்றுக்கே கடவுள் வர வேண்டியிருந்தது! கதை எப்படியிருந்தாலும் ஒன்று தெளிவு. ராஜா முதலில் தேடியது தண்ணீரை.

ஊர் செழித்தது வணிகத்தால். சிந்து, பாரசீகம், மத்திய ஆசியா பக்கம் போகும் ஒட்டக வரிசைகள் இந்த வழியாகத்தான் போயின. பட்டு, அபின், நறுமணப் பொருள்கள் எல்லாம் இங்கே சுங்கம் கட்டிப் போயின. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தபோது வியாபாரம் கடலுக்குப் போனது. 1947 பிரிவினையில் பழைய வழிகளும் அடைபட்டன. ஊர் படுத்துவிட்டது. அதைத் திரும்ப எழுப்பியதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. சத்யஜித் ராய் 1974-ல் எடுத்த 'சோனார் கெல்லா' (பொற்கோட்டை) படத்துக்குப் பிறகு வங்காளிகள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். இன்றும் கோட்டைத் தெருக்களில் வங்காளி மொழி காதில் விழும்.

கோட்டை

மலை 76 மீட்டர் உயரம். அதன்மேல் மஞ்சள் மணற்கல்லால் ஆன கோட்டை. 99 கொத்தளங்கள். காலையில் வெளிர் மஞ்சளாகத் தெரிவது, மாலை வெயிலில் ஆரணிப் பட்டின் ஜரிகை மாதிரி மின்னும். அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நான்கு வாசல்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். 'போல்' என்றால் வாசல். வழி நேராக இல்லாமல் வளைந்து வளைந்து ஏறுகிறது, எதிரியின் யானை ஓடி வந்து கதவை முட்ட முடியாதபடி!

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தில்லிப் படை பல ஆண்டுகள் முற்றுகையிட்டதாகவும், முடிவில் பெண்கள் தீயில் இறங்கியதாகவும் அவ்வூர்ப் பாணர்கள் பாடி வந்திருக்கிறார்கள். பெருமையோடுதான் சொல்கிறார்கள். கேட்கும் நமக்கு மனம் கனத்துப் போகிறது.

இந்தக் கோட்டைக்குள் இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். மற்றக் கோட்டைகளில் டிக்கெட் வாங்கி உள்ளே போனால் வௌவால்தான் இருக்கும். இங்கே கொடியில் துணி காய்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், தெருவில் மாடு படுத்திருக்கிறது. 2013-ல் யுனெஸ்கோ ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் இதுவும் ஒன்று.

ஆரணிக்காரர்கள் கவனிக்க!

நம்ம பக்கத்து வாசகர்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடியது 'பட்வோன் கி ஹவேலி'. ஹவேலி என்றால் வணிகர் மாளிகை. பட்வா குடும்பத்தார் பொன் வெள்ளி இழைகளிலும் ஜரிகைத் துணியிலும் வியாபாரம் செய்து பெரும் பொருள் ஈட்டியவர்கள். குமான் சந்த் பட்வா என்பவர் தம் ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து மாளிகைகள் என்று 1805-ல் ஆரம்பித்தார். கட்டி முடிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஜன்னல்களில் கல்லைச் செதுக்கியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தால், தறியில் பேட்டு போட்ட மாதிரியே இருக்கிறது. ஜரிகை விற்ற காசு கல்லிலே ஜரிகையாகிவிட்டது!

1885-ல் எழுந்த நத்மல் ஹவேலியில் ஒரு வேடிக்கை. ஹாத்தி, லாலு என்று இரண்டு சிற்பிகள், அண்ணன் தம்பி. முகப்பின் ஒரு பாதியை ஒருவரும் மறு பாதியை இன்னொருவரும் செதுக்கினார்கள். தூரத்தில் நின்றால் இரண்டும் ஒன்று. கிட்டே போனால் ஒரு பூவுக்கும் அடுத்த பக்கத்துப் பூவுக்கும் பொருத்தம் கிடையாது. ஆனால் மொத்தத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை.

என்ஜினியர் கண்ணுக்கு இன்னொன்று. இங்கே கல்லோடு கல் சேர்க்கச் சாந்து இல்லை. கல்லில் காடி வெட்டி ஒன்றை ஒன்று கவ்வ வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் இரும்புப் பிடிகள். கூரையோ மர உத்தரம், அதன்மேல் புல், அதன்மேல் கனமாக மண். வெயிலுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் இவை அனைத்தும் அதிகம் மழை வராது என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோட்டைக்குள் 12 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை எழுந்த சமணக் கோயில்கள் ஏழு இருக்கின்றன. சம்பவநாதர் கோயிலின் அடியில் பழைய ஓலைச்சுவடி நூலகம். கரந்தை – திருப்பணமூரையும் திருமலையையும் அறிந்த நமக்குச் சமணம் புதிதல்ல. ஆனாலும் ஊர் அழிந்தாலும் சுவடி அழியக்கூடாது என்று நிலத்தடியில் அறை கட்டிய அந்த வணிகர்களை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கடிசர் ஏரி

பயணிகள் படகு விட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடும் இடம் கடிசர். என்னைக் கேட்டால் ஊரிலேயே முக்கியமான இடம் இதுதான். 14-ஆம் நூற்றாண்டில் ராவல் கட்சி இதைப் பெரிதாக அமைத்தார். அந்தக் காலத்தில் ஊருக்கே குடிதண்ணீர் இதுதான். படித்துறை, மண்டபம், கோயில் என்று கரை முழுக்கக் கட்டியிருக்கிறார்கள். நுழைவாயிலை திலோன் என்ற தாசி கட்டினாளாம். தாசி கட்டிய வாசலில் அரச குடும்பம் நுழைவதா என்று இடிக்கக் கிளம்பினார்களாம். அவள் இரவோடு இரவாக மேலே ஒரு கண்ணன் கோயிலை வைத்துவிட்டாள். அப்புறம் யார் கை வைப்பார்கள்? வாசல் இன்றும் நிற்கிறது.

அனுபம் மிஸ்ரா 1993-ல் ஏரிகளைப் பற்றி ஓர் அருமையான இந்தி நூல் எழுதினார். அதில் கடிசருக்குத் தனி இடம் உண்டு. கடிசர் நிறைந்தால் வழிகிற நீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படி ஒன்பது ஏரிகளின் பெயரை அவர் சொல்கிறார். 200 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் மிச்சத் தண்ணீருக்கும் கணக்கு! "ஏரி கோடி போவுது" என்று நம் ஊரில் சந்தோஷமாகச் சொல்வோமே, அதே ஏற்பாடுதான். மேல் ஏரியின் கலங்கல் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரத்து. இரண்டு ஊராரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே பாடத்தைப் படித்திருக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே குல்தரா என்ற பாழடைந்த கிராமம் இருக்கிறது. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த 84 கிராமங்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே இரவில் காலியானதாகக் கதை. திவான் சலீம் சிங்கின் கொடுமைதான் காரணம் என்பார்கள். பேய் இருக்கிறது என்று சொல்லி வழிகாட்டிகள் பணம் பண்ணுகிறார்கள். பேயை விடுங்கள். அவர்கள் 'கடீன்' என்னும் தாழ்வான மண்கரை போட்டு, ஓடிவரும் மழைநீரைத் தேக்கி, அது ஊறிய பின் அந்த ஈரத்திலேயே கோதுமை விளைவித்தவர்கள். பார்க்க வேண்டியது அந்தக் கரைகளை.

தாகத்தில் நின்றது, தண்ணீரில் சாய்கிறது

இனி வருத்தமான பகுதி. படையெடுப்பும் பஞ்சமும் சாய்க்க முடியாத கோட்டையைத் தண்ணீர் சாய்த்துக் கொண்டிருக்கிறது!

கோட்டைக்குள் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் அடிக்கடி உட்கார்ந்து பேசுவேன். "பேட்டா, எங்க அம்மா கடிசர்லேருந்து தலையில குடம் சுமந்து இந்த ஏத்தம் ஏறுவாங்க. குளிச்ச தண்ணி பாத்திரம் கழுவ, கழுவின தண்ணி மாட்டுக்கு. தரையில சிந்த ஏது தண்ணி?" என்பார். பிறகு குழாய் வந்தது. பஞ்சாபிலிருந்து வரும் இந்திரா காந்தி கால்வாய் 1980-களின் பிற்பகுதியில் இம்மாவட்டத்தை எட்டியது. தாகம் தீர்ந்தது, நல்லதுதான். கூடவே கோட்டைக்குள் விடுதிகள் பெருகின. ஒவ்வோர் அறையிலும் ஷவர், கக்கூஸ். வந்த தண்ணீர் வெளியே போக வழி?

மழைநீரை நாலு திசையிலும் வெளியேற்ற 'கூட் நாலி' என்ற வடிகால் அமைப்பு அந்தக் காலத்திலேயே இருந்தது. கண்டபடி கட்டியதிலும் சாலை போட்டதிலும் அது கெட்டுவிட்டது. கழிவுநீர் மலைக்குள்ளேயே இறங்குகிறது. மணற்கல்லுக்கு இடையே களிமண் படிவங்கள் உண்டு. களிமண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. முதல் வருஷ மண்ணியல் வகுப்பிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். அடி இளகினால் மேலே 99 கொத்தளம் இருந்தென்ன?

1998-ல் ஒரு வெளிச்சுவர் சரிந்து 6 பேர் இறந்தார்கள். 2000, 2001-ல் கொத்தளங்கள் சரிந்தன. 2024 ஆகஸ்டு மழையிலும் சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-லேயே ஆபத்தில் இருக்கும் சின்னங்களின் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டது. பழுதுபார்க்கும் வேலைகளும் நடந்திருக்கின்றன.

"ஜனங்களைக் கீழே இறக்கிவிட்டால் பிரச்சினை தீரும்" என்று சிலர் சொல்கிறார்கள். பெரியவரிடம் கேட்டேன். "நாங்க போயிட்டா கோட்டை பிழைக்குமா? குல்தராவைப் போய்ப் பார்த்தியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஒழுங்கான வடிகால், கசியாத குழாய், விடுதிகளுக்குக் கட்டுப்பாடு – இவற்றை முழுதாகச் செய்து பார்க்காமல் குடியிருப்பவர்களைக் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது என்பது என் தாழ்மையான கருத்து.

போகிறவர்களுக்கு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். ராத்திரி குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் மறக்காதீர்கள். சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு ரயில் உண்டு, அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ ஐந்தாறு மணி நேரம். சுமார் 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள். ஒட்டகச் சவாரியும் சூரிய அஸ்தமனமும் அங்கேதான். ஒரே ஒரு வேண்டுகோள்: கோட்டைக்குள் ரூம் போடாதீர்கள். கீழே தங்கி, மேலே போய்ப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் குளியல் தண்ணீராவது அந்த மலைக்குள் இறங்காமல் இருக்கும்.

நம் வீட்டு வாசலில்

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஜெய்சால்மர் போக எல்லோருக்கும் வசதிப்படாது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் வழியில் தூசிக்குப் பக்கத்தில் மாமண்டூர் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைகள். அதன் எதிரே கடல் மாதிரி விரிந்த ஏரி. சித்திரமேக தடாகம் என்பது அதன் பழைய பெயர். கடிசருக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது! இன்றும் பல கிராமங்களின் வயலுக்கு அதுதான் பால் வார்க்கிறது. ஆயிரம் ரூபாய் செலவழித்து மணலைப் பார்க்கப் போகும் நாம், பத்து ரூபாய் தூரத்தில் இருக்கும் இதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

பார்ப்பதோடு நிற்க வேண்டாம். உங்கள் ஊர் ஏரிக்கு வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது, கலங்கல் நீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு படம் வரையுங்கள். எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே வீடு முளைத்திருக்கிறது என்று அதில் குறியுங்கள். அந்த விவரம் தெரிந்த தலைமுறை மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. சிவில் மாணவர்கள் இதையே புராஜெக்டாகச் செய்யலாம், முன்னாள் மாணவர்கள் நாங்கள் கூட வருகிறோம். சங்கம் இதை ஏற்று நடத்தினால் என் ஞாயிற்றுக்கிழமைகளை நான் தரத் தயார்.

200 மில்லிமீட்டர் மழையை வைத்து அவர்கள் 850 ஆண்டு ஊரை நடத்தினார்கள். நமக்கு 1,000 மில்லிமீட்டர் வருகிறது. இனி கணக்கு நம் கையில்.