அடையாற்றில் நடந்த உளநூல் வகுப்பு



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, பரிசு வாங்காத பிள்ளைகளின் முகம்தான் முதலில் என் நினைவுக்கு வந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளைப் புரிந்துகொள்ள வழிகாட்டிய ஓர் அம்மையாரின் வரலாற்றை, அவர் நம் தமிழ் மண்ணில் தங்கிப் பாடம் சொன்ன கதையோடு, உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆசிரியர் பயிற்சியின்போது நானும் உளநூல் படித்தவன்தான். பாவ்லோவின் நாய், தார்ண்டைக்கின் பூனை எல்லாம் மனப்பாடம். தேர்வு எழுதினேன், சான்றிதழும் கையில் கிடைத்தது. பிறகு தோட்டப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்தில் ஆள்கட்டு குறைந்துபோனதால் எங்கள் பள்ளிக்குப் பாதிப் பிள்ளைகள் வேனில்தான் வருகிறார்கள். பாகான் டாலாமிலிருந்து வந்த ஒரு பையன் முதலாம் ஆண்டில் இருந்தான். பென்சிலைக் கையில் கொடுத்தால் கீழே வைத்துவிடுவான். அதட்டினால் தலையைக் குனிந்துகொள்வான். நாயும் பூனையும் எனக்கு உதவிக்கு வரவில்லை. என் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே "மந்தம்" என்று எழுதிவிட்டேன். எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இந்த "மந்தம்" என்னும் சொல்லோடு வாழ்நாளெல்லாம் போராடியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896இல் ரோமாபுரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்துத் தேர்விலும் தேறவைத்தார். ஊரே பாராட்டியது. அவருக்கோ வேறொரு கவலை. இவர்களே தேறும்போது, நல்ல நிலையில் உள்ள பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவாகக் கற்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ரோமாபுரியின் சான் லொரேன்சோ பகுதியில் அவருடைய முதல் "குழந்தைகள் இல்லம்" திறக்கப்பட்டது. அது எப்படிப்பட்ட இடம் என்று நினைக்கிறீர்கள்? நம் லயங்களைப் போலத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்கினார்கள். எல்லாரையும் ஓர் அறையில் போட்டுப் பார்த்துக்கொண்டால் செலவு மிச்சம் என்று கட்டடக்காரர்கள் நினைத்தார்கள். ஆக, அது பிள்ளைகளுக்காகத் திறந்த இல்லமல்ல, சுவருக்காகத் திறந்த இல்லம்!

நாம் சிரிக்க வேண்டியதில்லை. நம் நாட்டுத் தோட்டப்பள்ளிகளும் பெரும்பாலும் சட்டத்துக்குப் பயந்து வந்தவைதாம். 7 முதல் 14 வயது வரை உள்ள பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பல இடங்களில் கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோதான் வாத்தியார். சான் லொரேன்சோவில் அம்மையார் செய்ததை நம் தோட்டத்தில் செய்ய ஒருவரும் வரவில்லை.

அப்படி என்னதான் செய்தார்? பார்த்தார். உட்கார்ந்து, பேசாமல், பார்த்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாடவிட்டார், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அப்போதும் அவள் விடவில்லை. நாற்பது தடவைக்குமேல் செய்துவிட்டுத்தான் எழுந்தாள். அதுவும் களைப்பில்லாமல், நன்றாகத் தூங்கி எழுந்தவள் மாதிரி! சின்னப் பிள்ளைக்கு ஒரு விஷயத்தில் மனம் நிலைக்காது என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

இன்னொரு நாள் கைக்குட்டையை எப்படிப் பிடித்துச் சத்தமில்லாமல் மூக்கைச் சிந்துவது என்று செய்து காட்டினார். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்களாம். மூக்கு ஒழுகுது, மூக்கு ஒழுகுது என்று ஏசியவர்கள் எத்தனையோ பேர். எப்படித் துடைப்பது என்று மரியாதையோடு சொல்லிக்கொடுத்தவர் ஒருவரும் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த இல்லத்தின் ஆசிரியை அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும், தாய்மார்களோடு கலந்து பேச வேண்டும் என்பதும் ஏற்பாடு. சமூகத் தொண்டும் பள்ளிப்பாடமும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருந்தன.

1931இல் காந்தியடிகள் இலண்டனில் அம்மையாரைச் சந்தித்தார். பணக்காரர் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் இந்தக் கல்வி கிடைக்கவேண்டும் என்று அங்கே கேட்டுக்கொண்டார். கூலிக்காரர் வீட்டில் பிறந்த முறை அதற்குள்ளாகவே மேல்மாடிக்கு ஏறிவிட்டது போலும்!

1939ஆம் ஆண்டு நவம்பரில், 69ஆவது வயதில், அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். ஓலைக் கொட்டகைகள் போட்டு ஏறக்குறைய 300 பேருக்குப் பயிற்சி நடந்தது. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார். சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்களை உலகப்போர் பிடித்துக்கொண்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகைநாட்டவர் ஆனார்கள். மாரியோ முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. அவருடைய 70ஆம் பிறந்தநாளன்று அரசாங்கம் மாரியோவை விடுதலை செய்தது. அதுவரை உலகத்துக்கு "உறவுக்காரப் பையன்" என்றே சொல்லப்பட்டு வந்தவர், அன்று மகனாகவே திரும்பி வந்தார். குழந்தைகளைப் பற்றி உலகுக்குச் சொன்னவரின் வாழ்க்கையில் இப்படி ஒரு நோவு இருந்திருக்கிறது.

1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் தங்கினார்கள். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாய்ப் படித்தார்கள்; இலையும் பூச்சியும் பாடப்பொருள். 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடந்தது. 1946இல் திரும்பிப் போனவர் மறுபடியும் வந்து 1949 வரை இருந்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றதாகச் சொல்வார்கள். 1952இல் ஹாலந்தில் காலமானார்.

அதன்பின் "மாண்டிசோரி" என்பது கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகை ஆகிப்போனதும் உண்மைதான். ஆனால் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, அந்தச் சிந்தனை ஏழைப் பிள்ளைகளிடம் திரும்பி வந்தது. பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி கரும்பலகை சுவரில் கீழே இறங்கியது.

வாசகர்களே, இதையெல்லாம் படித்தபின் நானும் ஒரு வாரம் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து அந்தப் பையனைப் பார்த்தேன். வேறொன்றும் செய்யவில்லை. ஓய்வு நேரத்தில் போத்தல் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்கியது இடது கை! நானோ ஒவ்வொரு நாளும் பென்சிலை அவனுடைய வலது கையில் திணித்திருக்கிறேன்.

மாலையில் பாகான் டாலாமில் அவன் வீட்டுக்குப் போனேன். தாயார் தொழிற்சாலையில் இரவு வேலை, பாட்டிதான் வளர்க்கிறார். "வாங்க சார், பசியாறிட்டுப் போங்க" என்று தேத்தண்ணி கலக்கினார். விஷயத்தைச் சொன்னேன்.

"பீச்சாங்கையால தொட்டா நான்தான் சார் அடிப்பேன். நல்லதுக்குத்தானே?" என்றார்.

வாதாடவில்லை. மூடிகளை அவன் அடுக்கிய அழகைச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, எழுதட்டும் சார். சோத்தை மட்டும் சோத்தாங்கையால சாப்பிடட்டும்" என்றார்.

அந்த ஒப்பந்தம் இன்றுவரை நடப்பில் இருக்கிறது. குறிப்பேட்டில் "மந்தம்" என்பதை அடித்துவிட்டு, "இடக்கை" என்று எழுதினேன்.