மலைநாட்டுப் பாதைகளும் பழைய மோட்டார் வண்டிகளும்



வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையும் நாடுவது மரபு. மலைநாட்டுத் தமிழரின் வரலாற்றுக்கோ அத்தகைய சான்றுகள் அருகியே கிடைக்கின்றன. தோட்டத்துப் பேரேடுகளில் அவர்தம் பெயர்கள் உண்டு. ஆயின் அவை சம்பளத்தையும் அரிசியையும் கணக்கிடுவதற்காக எழுதப்பட்ட பெயர்கள். ஆகவே, இம்மக்களின் கதையைத் தேடுவோர் வேறு பொருள்களையும் சான்றாகக் கொள்ள வேண்டியவராகின்றனர். பாதை, பாலம், தேயிலைத் தொழிற்சாலை, புகையிரத நிலையம் ஆகிய யாவும் அத்தகைய சான்றுகளே. அவற்றோடு பழைய மோட்டார் வண்டியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே இன்றைய பேச்சின் கருத்து.

பழைய மோட்டார் வண்டிகளைத் தேடி வாங்கிப் பழுதுபார்த்துப் பேணி வருவோர் நம் நாட்டில் பலர் உளர். அண்மையில் ஒரு விடுமுறை நாட்காலையில் நுவரெலியாவில், ஆளுநர் கிரகரியின் காலமாகிய 1870களில் அமைக்கப்பட்ட வாவியின் கரையில், அத்தகையோர் சிலர் கூடியிருந்ததைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அழைப்பிதழும் இல்லை, மேடையும் இல்லை, தலைமையுரையும் இல்லை. வண்டிகளை நிரையாக நிறுத்தி, அவற்றின் முன்மூடிகளைத் திறந்து வைத்துவிட்டு, கையில் தேநீர்க் கோப்பையுடன் ஒருவர் வண்டியை மற்றொருவர் ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஒஸ்டின் செவன், போர்ட் பிரிபெக்ட், ஹில்மன் மிங்ஸ், பல மொரிஸ் மைனர்கள், இரண்டொரு லேண்ட் ரோவர்கள் ஆகியவை அங்கே நின்றன. வைத்தியர், வணிகர், தோட்ட உத்தியோகத்தர், கராஜ் உரிமையாளர் என்று பல நிலையினரும், பல மொழியினரும் வேற்றுமையின்றி அளவளாவியமை மனத்துக்கு இதமாக இருந்தது.

ஒவ்வொரு வண்டியின் கதையையும் அதன் உரிமையாளர் ஆர்வத்தோடு எடுத்துரைத்தார். எந்த ஆண்டில் செய்யப்பட்டது, எந்தக் கப்பலில் வந்தது, எந்தத் துரை முதலில் வாங்கினார் என்பனவெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்த வண்டியை ஓட்டிய சாரதி யார், கழுவித் துடைத்தவர் யார், மழையில் சேற்றில் புதைந்தபோது தோள்கொடுத்துத் தள்ளியவர் யார் என்று வினவினேன். பெரும்பாலோர் புன்னகையோடு தலையசைத்தனர். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர் மாத்திரம், “சேர், எங்கப்பா ஓட்டின வண்டிங்க இது. மூணு துரைமார் மாறிட்டாங்க, வண்டியும் மாறல, எங்கப்பாவும் மாறல” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை விளக்குவதற்கே நூறாண்டு வரலாறு வேண்டும்.

முதலிற் பாதையைப் பார்ப்போம். பாதையின்றி வண்டி இல்லை அன்றோ? 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருவீதி கடுகண்ணாவைக் கணவாயைக் குடைந்து அமைக்கப்பட்டது. இளம் வயதிலேயே அப்பணியில் இறங்கிய தோமஸ் ஸ்கின்னர், பின்னர் இலங்கையின் வீதிகளின் தந்தை எனப் போற்றப்பட்டார். ஆனால் மலையை வெட்டிய கைகள் யாருடையவை? தொடக்கத்தில் இராஜகாரிய முறையின் கீழ்க் கூலியின்றி வேலை வாங்கப்பட்ட கண்டிச் சிங்களக் குடியானவர்களுடையவை. அம்முறை 1832இல் ஒழிக்கப்பட்டபின், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக வீதிப்பணிக்கு அமர்த்தப்பட்டனர். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் இந்த இரு மக்களின் வியர்வையும் கலந்து கிடக்கிறது.

பின்னர்ப் புகையிரதம் வந்தது. 1867இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை, 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு இரண்டரை அடி அகலமுள்ள சிறிய இருப்புப்பாதை ஒன்று 1903, 1904ஆம் ஆண்டுகளிற் போடப்பட்டது. தேயிலைப் பெட்டிகளைச் சுமந்த அந்தச் சிறுவண்டி, மோட்டார் லொறியோடு போட்டியிட இயலாமல் 1940களில் மறைந்துபோயிற்று. புகையிரதத்தையே வெல்லுமளவுக்கு மோட்டார் வண்டி மலைநாட்டில் வேரூன்றியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மோட்டார் வண்டி இத்தீவில் ஓடத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1904இல், இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் தோன்றிவிட்டது. தொடக்கத்தில் அது செல்வர்க்கே உரிய ஆடம்பரம். 1922இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒஸ்டின் செவன் என்னும் சிறிய வண்டியே நடுத்தர வருவாயுள்ளோருக்கும் மோட்டார் வண்டியை எட்டச் செய்தது. தோட்டத்துச் சின்னத்துரைமாரும் வைத்தியரும் இத்தகைய சிறு வண்டிகளை விரும்பினர்.

மலையில் வண்டியோட்டுவது அக்காலத்தில் எளிய செயலன்று. ஆறாயிரம் அடி உயரத்திற் காற்று அடர்த்தி குறைந்திருப்பதால், இயந்திரம் தன் வலிமையில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கை இழக்கிறது. ஏற்றத்தில் ரேடியேட்டரில் நீர் கொதிக்கும். இறக்கத்தில் பிரேக் சூடேறித் தளரும். ஆகவே வழியில் எந்த ஓடையில் நீர் எடுக்கலாம், எந்த வளைவில் எந்தக் கியர் போட வேண்டும் என்பதைச் சாரதி மனத்திற் பதித்திருந்தார். லொறியாயின், ஏற்றத்தில் நின்றால் சக்கரத்தின் பின்னே கட்டை வைப்பதற்கெனக் கிளீனர் ஒருவர் எப்போதும் ஆயத்தமாயிருந்தார். இந்த அறிவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கும், சாரதியிடமிருந்து கிளீனருக்கும் வாய்வழியே வந்தது.

இத்தகைய ஏற்றமே சிலருக்கு விளையாட்டாகவும் ஆயிற்று. நுவரெலியாவிலுள்ள மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் வளைந்த பாதையில் 1934இல் தொடங்கிய மலையேற்றப் போட்டி இன்றளவும் சித்திரைப் பருவகாலத்தின் கொண்டாட்டங்களுள் ஒன்றாக விளங்குகிறது. கொழுந்து கொய்வோர் நாள்தோறும் கூடை சுமந்து நடந்த அதே தோட்டப் பாதைதான் அன்று பந்தயக்களமாகிறது.

இனி, 1948ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஏப்ரல் மாத இறுதியில் அம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வண்டி முதன்முதலாக உலகின் கண்ணிற் பட்டது. ஒக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த மொரிஸ் மைனர் வெளிவந்தது. நவம்பரில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் அச்சட்டத்தினால் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்தனர்.

இந்நிகழ்ச்சிகளை ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். கப்பலில் வந்திறங்கிய மொரிஸ் மைனர் வண்டிக்குச் சில நாட்களிற் பதிவு கிடைத்தது. இலங்கை வாகனம் என்னும் தகடு கிடைத்தது. அதனைக் கழுவித் துடைத்து, பெரியதுரையின் பங்களா வாயிலில் நிறுத்திய மனிதருக்கோ, அவர் இம்மண்ணிலேயே பிறந்திருந்தாலும், பதிவு கிடைக்கவில்லை. தந்தையோ தந்தைவழி முன்னோரோ இங்கே பிறந்தவர் என்பதற்குப் பத்திரம் கேட்டனர். லயத்தில் பிறந்தவருக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்?

வாவிக்கரையில் நின்ற வண்டிகளின் இலக்கத்தகடுகளும் இதே வரலாற்றைப் பேசின. மிகப் பழையனவற்றில், சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரிலுள்ள எழுத்துகளுள் இரண்டிரண்டு சேர்ந்து நின்றன. அவற்றுக்குப் பிந்தியவற்றில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இருந்தது. 1956இல் சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியாக்கப்பட்டதையடுத்து, 1957இல் அவ்வெழுத்து வாகனத் தகடுகளில் இடம்பெறத் தொடங்கியது. தமிழர் பகுதிகளில் எதிர்ப்பு மூண்டது. தமிழ் ‘ஸ்ரீ’யை எழுதிக்கொண்டு வண்டியோட்டிச் சட்டத்தை மறுத்தோர் தண்டிக்கப்பட்டனர். 1958 ஜனவரியில் பஸ் சேவை அரசுடைமையானபின், அவ்வெழுத்தைத் தாங்கிய பஸ்கள் வந்தபோது கிளர்ச்சி மலைநாட்டுக்கும் பரவியது. அவ்வாண்டில் பொகவந்தலாவையில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குத் தோட்டத் தொழிலாளர் இருவர் பலியாயினர். மோட்டார் வண்டி ஒன்றையும் சொந்தமாகக் கொண்டிராத இருவர், மோட்டார் வண்டியின் தகட்டெழுத்தை முன்னிட்டு உயிர் நீத்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பிற்காலத்தில் அந்தத் தகட்டுமுறை கைவிடப்பட்டு, 2000ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்து முறை மீண்டும் வந்தது. இன்று பழைய ‘ஸ்ரீ’ தகடு வண்டியின் முதுமைக்குச் சான்றெனப் பெருமையோடு மெருகிடப்படுகிறது. அதில் தவறில்லை. அதன் பின்னாலுள்ள செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இத்துணை பழைய வண்டிகள் இங்கே எவ்வாறு எஞ்சின என்று நேயர்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் செல்வமன்று, தட்டுப்பாடே. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடியினால் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977வரை புதிய வண்டி அரிய பொருளாயிருந்தது. உதிரிப்பாகமோ அதனினும் அரிது. ஆகவே இருந்த வண்டியைக் காப்பாற்றும் பொறுப்பு மெக்கானிக்கின் தலையில் விழுந்தது. தேய்ந்த பாகத்தைக் கடைந்து புதிதாக்கினர். ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தினர். துருப்பிடித்த தகட்டைச் சுத்தியலால் தட்டியே உருவாக்கினர். இக்கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததெனின், 1990களில் மொரிஸ் மைனரின் தாயகமாகிய இங்கிலாந்துக்கே இலங்கையிற் செய்த உடற்பாகங்கள் அனுப்பப்பட்டன. லேண்ட் ரோவருக்கு மற்றொரு நற்பேறும் உண்டு. போருக்குப் பின் இரும்புத் தட்டுப்பாட்டினால் அதன் உடல் அலுமினியக் கலவையில் அமைந்தது. மலைநாட்டின் ஓயாத மழையிலும் அது துருவேறாமல் நின்றது.

வண்டிகள் நிலைத்தன, மனிதர்கள் நிலைக்கவில்லை. 1964இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவதென ஒத்திவைத்தனர். 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பங்கிட்டனர். தொழிலாளரோடு சாரதியரும் மெக்கானிக்குகளும் குடும்பத்தோடு தலைமன்னாரிற் கப்பலேறினர். அவ்வாறு சென்றோருக்காகத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மலைநாட்டுப் பேச்சு இன்றும் ஒலிக்கிறது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த வெள்ளைத் துரைமாரும் விடைபெற்றனர். அவர்கள் விட்டுச்சென்ற வண்டிகள் கைமாறிக் கைமாறி உத்தியோகத்தர், கடைக்காரர், கராஜ்காரர் ஆகியோரை வந்தடைந்தன. எவரது தந்தை பின்னாலே ஓடித் தள்ளினாரோ, அவரது மகன் முன்னாலே அமர்ந்து ஓட்டும் காலமும் வந்தது. குடியுரிமை வழக்கோ 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவாறு தீர்ந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிற்றான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை வெகுவாக உயர்ந்தது. விலை உயர்ந்த பொருளின் வரலாறு கவனமாக எழுதப்படும் என்பது உலகியல்பு. ஆனால் அவ்வரலாற்றில் உரிமையாளர் பட்டியல் மாத்திரம் இடம்பெறுமாயின், அது பாதி வரலாறே.

எனவே, பழைய வண்டிகளைப் பேணும் அன்பர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியோடு வைத்திருக்கும் பதிவுப் புத்தகத்தின் அருகே ஒரு கொப்பியையும் வையுங்கள். அந்த வண்டியை ஓட்டியவர், பழுதுபார்த்தவர், கழுவியவர் ஆகியோரின் பெயர்களை, அறிந்தவரைக் கேட்டு அதில் எழுதுங்கள். தோட்டப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். சரித்திர பாடத்தின் ஒரு பயிற்சியாக, வீட்டிலுள்ள தாத்தா பாட்டிமாரிடம் தோட்டத்து லொறியையும் துரையின் காரையும் பற்றிக் கேட்டு வருமாறு மாணவரை அனுப்புங்கள். மஸ்கெலியா அன்பரைப் போன்றோர் ஒவ்வொரு தோட்டத்திலும் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இவ்வாண்டிலேயே கேட்பது நன்று.