அரண்மனைக்காரன் தெருவும் ஆர்மீனிய மைதானமும்

பாரிமுனைப் பக்கம் அலையாதவர் நம் செட்டில் யாரும் இருக்க முடியாது. அங்கே அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று உண்டு. தேடினாலும் அரண்மனை கிடைக்காது! 'ஆர்மீனியன்' என்ற சொல் நம்ம ஜனங்கள் வாயில் புகுந்து அப்படி ஆகிவிட்டது. அங்குள்ள ஆர்மீனிய தேவாலய வளாகத்தில்தான் ஹாருத்யூன் ஷ்மவோனியன் பாதிரியார் அடக்கமாகியிருக்கிறார். ஈரானின் ஷிராஸ் நகரத்துக்காரர். 1794-ல் இதே மதராஸில் 'அஸ்தரார்' என்ற மாத இதழை அச்சிட்டார். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை அதுதான். கப்பல் செய்தி, வியாபாரச் செய்தி எல்லாம் வரும். 18 இதழோடு 1796-ல் நின்றுபோச்சு.

தனி அரசு இல்லாமல் பல தேசங்களில் சிதறிக் கிடந்த இந்த மக்களுக்குப் பத்திரிகைதான் ஊர்ச்சாவடி. ஒரு நூற்றாண்டு கழித்து விளையாட்டையும் அவர்கள் அதே வழியில்தான் வளர்த்தார்கள். எனக்குப் பிடித்த சங்கதி அதுதான்.

1911-ல், அன்றைய ஆட்டோமன் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லில், ஷவர்ஷ் கிரிஸ்ஸியன் என்ற இளைஞர் 'மர்ம்னமார்ஸ்' என்ற ஆர்மீனிய விளையாட்டு இதழைத் தொடங்கினார். உடற்பயிற்சி என்று அர்த்தம். தேகப்பயிற்சிப் பாடம், ஃபுட்பால், ஓட்டப்பந்தயம், கிளப் செய்திகள் என்று எல்லாம் உண்டு. கூடவே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போஸ் கொடுக்கும் பையன்களின் போட்டோக்கள்! சிரிக்காதீர்கள். நம் ஹாஸ்டலில் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டிய பிறகுதானே அது 'டீம்' ஆச்சு? அதுவரை சும்மா பந்தை உதைக்கிற பசங்கதானே? அச்சில் பெயர் வந்தால் சிதறிக் கிடக்கும் கிளப்புகளும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளும். அதே 1911-ல் 'ஆர்மீனிய ஒலிம்பிக்' என்ற போட்டிகளும் அந்த நகரில் ஆரம்பித்தன. அடுத்த வருஷம் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஆட்டோமன் பேரரசின் சார்பில் போட்டியிட்ட இருவருமே ஆர்மீனியர்கள்: வஹ்ராம் பபாஸியன், ம்கர் ம்கர்யான்.

1914-ல் இதழ் நின்றது. 1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் ஆர்மீனிய எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்கள், டாக்டர்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களைக் கைது செய்ய ஆரம்பித்தார்கள். கிரிஸ்ஸியனையும் விட்டுவைக்கவில்லை. அங்காரா அருகே ஆயாஷுக்குக் கொண்டுபோய், பிறகு கொன்றுவிட்டார்கள். 30 வயதுகூட ஆகவில்லை, என்னைவிடச் சின்னவர். தண்டால் எடுப்பது எப்படி என்று எழுதிய மனிதனைப் பார்த்து ஒரு அரசாங்கத்துக்கு என்ன பயம்? யோசித்தால் விஷயம் புரிகிறது. கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர் அவர்.

1918-ல், போர் ஓய்ந்ததும், அதே இஸ்தான்புல்லில் மிஞ்சியவர்கள் கூடி 'ஹோமனெத்மென்' என்ற ஆர்மீனிய விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஓடிப் பிழைத்த அநாதைப் பிள்ளைகளுக்குச் சாரணர் பயிற்சியும் பந்தாட்டமும் கற்றுக்கொடுத்தார்கள். பெய்ரூட், அலெப்போ என்று ஆர்மீனியர் குடியேறிய ஊரெல்லாம் கிளை முளைத்தது. பெய்ரூட் கிளையின் பாஸ்கட்பால் டீம் இன்றும் லெபனானில் பேர்போனது.