1967இல் ஓர் ஆளுநர் இட்ட இரு கையொப்பங்கள்

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைக் காணும் நம் பிள்ளைகள், கருக்கலைப்பும் துப்பாக்கியும் அந்நாட்டுக் கட்சிகளைத் தொடக்கம் முதலே பிரித்துவந்தவை என்று எண்ணக்கூடும். வரலாறு அவ்வாறில்லை.

1967இல் கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்தவர் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன். கருக்கலைப்புத் தடையைத் தளர்த்திய சட்டத்தில் கையொப்பமிட்டவர் அவரே. குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடங்களில் ஏந்திச் செல்வதைத் தடைசெய்த சட்டத்திலும் அதே ஆண்டில் ஒப்பமிட்டார். ஓக்லாந்து நகரில் கறுப்பின இளைஞர்களின் பிளாக் பாந்தர் இயக்கத்தினர் துப்பாக்கியுடன் வலம்வந்து காவலர்களைக் கண்காணித்ததே அதற்குக் காரணம். ஆயுதம் எவர் கையில் உள்ளது என்பதைப் பொறுத்தே உரிமையின் பொருளும் மாறிற்று போலும்!

1973இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக ஏற்றது. அத்தீர்ப்பை எழுதிய பிளாக்மன், குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் நியமித்தவர். மறுத்த இருவருள் ஒருவரான வைட், ஜனநாயகக் கட்சியின் கென்னடி நியமித்தவர். தென் பாப்டிஸ்ட் திருச்சபையோ, சில சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று 1971இலேயே தீர்மானம் இயற்றியிருந்தது.

பின்னரே அணிகள் உருவாக்கப்பட்டன. 1977இல் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தைக் கடும்போக்கினர் கைப்பற்றினர். 1979இல் பாதிரியார் ஜெரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைத் தொடங்கினார். 1980இல் இவ்விரு தரப்பின் ஆதரவோடும் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அதே ரீகன்.

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கியது. ஆகஸ்டில், 1968 முதல் எல்லா அதிபர் தேர்தல்களிலும் குடியரசுக் கட்சியையே ஆதரித்த கான்சாஸ் மாநிலத்தில், கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை மக்கள் வாக்களித்து நிராகரித்தனர்.