சேஷராயர் மண்டபக் குதிரையும் ஒரு ரஷ்யக் குதிரையும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ, ஸ்ரீரங்கம் வெள்ளை கோபுரம் பக்கத்துல சேஷராயர் மண்டபத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்னங்காலைத் தூக்கி எம்பி நிற்கிற குதிரை, மேலே வீரன், கீழே ஈட்டிக்குத்து வாங்குற புலி. விஜயநகர-நாயக்கர் காலத்து வேலை. சின்ன வயசுல எனக்கு அது கண்ணாமூச்சி ஆட ஒளியுற தூண், அவ்வளவுதான். எட்டாவது படிக்கும்போது சாக்பீஸால என் பேரைக்கூட அதுல எழுதியிருக்கேன்.

என்னை நிமிர்ந்து பார்க்க வச்சவர் ஒரு ரஷ்யர், வாசிலி காண்டின்ஸ்கி. 1889-ல், சட்டம் படிச்சுக்கிட்டிருந்தப்போ, நாட்டார் வழக்கங்களை ஆராய வோலக்டா பகுதிக்குப் போறார். குடியானவங்க வீட்டுல அலமாரி, பெட்டின்னு எல்லாத்துலயும் வண்ணம். சுவர் நிறைய சாமி படம். ஓவியத்துக்குள்ளேயே நுழைஞ்ச மாதிரி இருந்ததுன்னு பின்னாடி எழுதினார். 1896-ல், 30 வயசுல, பேராசிரியர் வேலையை வேண்டாம்னுட்டு ஓவியம் கத்துக்க மியூனிக் போயிட்டார். (எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. மேனேஜர் பயப்பட வேண்டாம் :-))

அவர் படங்கள்ல திரும்பத் திரும்ப வர்றது குதிரை. நாகத்தை ஈட்டியால குத்துற புனித ஜார்ஜ், ரஷ்ய நாட்டார் படங்கள்ல ரொம்பப் பிரபலம். நம்ம தூண்ல இருக்கிற காட்சிக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி! 1912-ல் வந்த 'நீலக் குதிரைவீரன்' தொகுப்போட அட்டையிலும் அவர்தான். போகப் போக குதிரை ஒரு வளைகோடாகவும் ஈட்டி ஒரு சாய்கோடாகவும் கரையுது. 'இதுல என்ன இருக்கு'ன்னு நாம சிரிக்கிற அருவ ஓவியத்துக்குள்ள ஒரு கிராமத்துச் சாமி ஒளிஞ்சிருக்கார்.

நம்ம பக்கமும் இது நடந்திருக்கு. கே.சி.எஸ். பணிக்கர் 1960-கள்ல ஜாதகக் கட்டத்தையே கேன்வாஸுக்குக் கொண்டுவந்தார். அவர் முதல்வரா இருந்த சென்னை ஓவியக் கல்லூரியில படிச்சவர் கே.எம். ஆதிமூலம். 1938-ல் திருச்சி மாவட்டம் கீராம்பூர்ல பிறந்தவர். கி.ரா.வோட 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் படம் போட்டவர்னு சொன்னா சட்டுனு தெரியும். கோட்டுல காந்தியையும் ராஜாக்களையும் வரைஞ்சவர், பிறகு வெறும் வண்ணப் பரப்புக்குப் போனார். 2008-ல் மறைந்தார். மேல்நாட்டைப் பார்த்து வரைஞ்சா நகல், கோயிலைப் பார்த்து வரைஞ்சா பழசுன்னு ரெண்டு பக்கமும் அடி வாங்கின தலைமுறை அது. வீட்டுல கிடந்ததையே புதுசாப் பார்த்ததுதான் அவங்க கண்ட வழி.

வோலக்டாக்காரங்களுக்கு அது துணி வைக்கிற அலமாரி. வெளியூர்க்காரர் வந்து நின்னப்போதான் ஓவியமாச்சு. எனக்கும் பெங்களூர்ல ஆறு வருஷம் இருந்துட்டு வரவேண்டியிருந்தது.

கிளம்பும்போது ஒரு பையன் குதிரைக் கால்ல ஸ்கூல் பையை மாட்டிட்டு விளையாடிக்கிட்டிருந்தான். திட்ட வாய் வரலை. சாக்பீஸ் ஞாபகம் வந்துடுச்சு. பையை எடுத்துக் கொடுத்து, "தம்பி, மேலே பாரு"ன்னேன். பார்த்தான்.